இரும்புச்சத்து

செவ்வாய்க்கிழமை டிங்கர் காசிமாயன் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போன ஓட்டை, வெள்ளிக்கிழமை பார்த்தபோது சின்னதாக இருந்தது.

வட்டம் அப்படியேதான் இருந்தது. காரின் டிரைவர் சீட்டுக்குக் கீழே, தரைத் தகட்டில், தோசைக்கல் அளவுக்கு வெள்ளையாக. அதன் நடுவே துரு தின்றிருந்த ஓட்டை மட்டும் கோட்டை விட்டு விலகி உள்ளே ஒடுங்கி, ஒரு இட்லி அளவுக்கு வந்திருந்தது. வெங்கடரமணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று, கண்ணும் தன் பங்குக்கு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டது போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்ல ஜோக்தான். சிரிப்புதான் வரவில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துக் கோடை. இருபத்தெட்டு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர், வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் ஓரத்தில் மக்கிக்கொண்டிருந்த நாற்பத்தெட்டாம் வருஷத்து அமெரிக்கக் காரை வாங்கினார். விற்றவர் அதன் முதுகில் தட்டி, “சுத்தமான வண்டி சார். இத்தன வருசத்துல ஒரு கோழிகூட இதுல ஏறி ஒக்காந்ததில்ல” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். இவரும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

சிம்மக்கல்லிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் வீடு. பின்புறம், முன்பு நூலுக்குச் சாயம் போட்ட தகரக் கொட்டகை. அதில்தான் கார் நின்றது. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் மட்டும் மனைவி லலிதாம்பாள் தமிழுக்கு மாறிவிடுவாள், அக்கம்பக்கத்தாருக்கும் நியாயம் தெரியட்டும் என்று. கார் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தமிழ் செழித்து வளர்ந்தது.

காசிமாயன் அந்த வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். காருக்கடியில் மல்லாக்கப் படுத்து அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களே கோபமாக இருந்தன.

“அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“என்னப்பா?”

“வேற ஆளு வச்சு வெல்டிங் போட்டிருக்கீக. போடுங்க, ஒங்க வண்டி. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த.”

“யாரும் வரல காசி. என் பொண்டாட்டி மேல சத்தியம்.”

“மதினி மேல எதுக்குண்ணே சத்தியமெல்லாம்?” காசிமாயன் வெளியே ஊர்ந்து வந்து, துருத் தூள் படிந்த விரல்களைப் பார்த்தார். “வெல்டு வச்ச தழும்பே இல்லண்ணே. எவன்ணே அவன்? கையக் காட்டுங்க, கும்புட்டுக்கிறேன்.”

அன்று சாயங்காலம் லலிதாம்பாள் மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போய், ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன லலிதா?”

“ஒண்ணுமில்லீங்க. படி கூடிப்போச்சு.”

டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம், ஊறவைத்த அரிசி நிறத்தில் இருந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் எட்டு என்று வந்தது, பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், முடிந்தால் இரும்புச் சட்டியில் சமையல். திரும்பி வரும்போது லலிதாம்பாள் ஆட்டோக்காரருக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: “புருசன் கொட்டகை நெறைய இரும்பா வாங்கிப் போட்டிருக்காரு. பொண்டாட்டி ஒடம்புல இரும்பு இல்லையாம்.”

ஆட்டோக்காரர் சிரித்தார். அவரைவிட வெங்கடரமணன்தான் அதிகமாகச் சிரித்தார்.

அதன் பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரே நாள் போல இருந்தன. காலையில் உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பார். மதியம் அவளுக்கு மாத்திரை. சாயங்காலம் முருங்கைக்கீரை உருவுவார். விரலில் துரு வாடையும் கீரை வாடையும் கலந்து, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாமல் சாப்பாட்டில் வந்து நின்றது. தோள் வலித்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்தால் வந்தது. வங்கியிலும் அப்படித்தான் இருந்தது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார். அவளுக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை.

பத்து நாளில் எட்டு ஏழானது. அடுத்த பத்து நாளில் ஐந்தரை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். “ரத்தம் எங்கயும் கசியல சார்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா கொறஞ்சுகிட்டே போகுது. எங்க போகுதுன்னுதான் தெரியல.”

அந்த மதியம் வெங்கடரமணன் கொட்டகைக்குள் போனபோது வெளியே அக்கினி நட்சத்திரத்து வெயில் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. சந்தில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. தகர ஓட்டைகள் வழியாக விழுந்த வெளிச்சக் காசுகள் காரின் முதுகு முழுக்கச் சிதறிக் கிடக்க, உள்ளே மட்டும் யாரோ ஈரத் துணி விரித்தது போல ஒரு குளுமை இருந்தது. அதற்குள், வியர்த்த உள்ளங்கையில் நெடுநேரம் மூடிவைத்திருந்த சில்லறையின் வாடை. காசிமாயன் போட்ட சாக்பீஸ் வட்டங்கள் மொத்தம் பதினொன்று. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பது வட்டங்களுக்குள் ஓட்டையே இல்லை. முழுத் தகடு. புதிதாய், கருநீலமாய், லேசான பளபளப்போடு. கையை வைத்தார். நிழலில் நிற்கிற இரும்பு குளிர்ந்திருக்க வேண்டும்.

கதகதப்பாக இருந்தது.

எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நம்ப மறுத்து, கூட்டல் கணக்கில் ஏதோ பிழை என்று வங்கிக்காரனாக அரைமணி நேரம் நின்றார். பிழை இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காசிமாயனிடம், “வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிரு. மேலூர்ல பழைய இரும்புக்குப் போட்டுரு. எனக்கு எதுவும் வேண்டாம்” என்றார்.

“என்னண்ணே இது, எம்புட்டு ஆசையா வாங்குனீக?”

காசிமாயன் வழக்கம்போலச் சின்னச் சுத்தியலை எடுத்து மட்கார்டில் தட்டினார். தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று காதால் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு தட்டு. தலையைச் சாய்த்தார். இன்னொரு தட்டு. பிறகு சுத்தியலைத் துணிப்பையில் போட்டுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

“தகரம் டங்குன்னு கேக்கணும்ணே.”

“இது?”

“தொடையில தட்டுன மாதிரி கேக்குது.” அவர் காரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினார். “எங்கய்யா காலத்துல இருந்து தகரம் தட்டுறோம். இதுல நான் இனி கை வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீக. வாரேண்ணே.”

வாரேன் என்றவர் வரவில்லை. இழுத்துப் போக வேறு யாரும் கிடைக்கவில்லை. வந்த இருவரும் கொட்டகை வாசலில் மூக்கைச் சுளித்துவிட்டு, சங்கிலி பத்தாது, நாளைக்கு வாரோம் என்று போனார்கள்.

கார் எடுத்ததைத் திருப்பி வாங்கலாம் என்று வெங்கடரமணனுக்குத் தோன்றியது. துருவாக்கிவிட்டால் போதும். இரண்டு குடம் உப்புத் தண்ணீர் கரைத்துக் காரின் மேல் ஊற்றினார். இத்தனை நாளாய்த் துருவை ஒழிக்கப் பாடுபட்டவன் இப்போது துருவை வேண்டிக் குடமுழுக்கு நடத்துகிறான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. தண்ணீர் திவலை திவலையாக உருண்டு ஓடியது. ஒரு பொட்டுத் துரு வரவில்லை. கோபத்தில் அரத்தை எடுத்துப் பின்கதவில் ஒரே இழுப்பாக இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

வீட்டுக்குள்ளிருந்து லலிதாம்பாள், “ஸ்ஸ்” என்றாள்.

ஓடினார். கட்டிலில் உட்கார்ந்து முழங்கைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. ஆழமான கீறல். அதிலிருந்து ரத்தம் வரவில்லை. நிறமில்லாத ஈரம் மட்டும் மெல்லக் கசிந்தது.

“எதுல கிழிச்சேன்னு தெரியலீங்க,” என்றாள். “வலிக்கல.”

துணி சுற்றிக் கட்டினார். அரத்தைத் தெருச் சாக்கடையில் போட்டார். கொட்டகையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் படுக்கை தருவார்கள், நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றுவார்கள் என்று ஏற்பாடு. முதல் பாட்டில் அவருடையதுதான். இருவருக்கும் ஒரே வகை. “இருபத்தஞ்சு வருசமா என் ரத்தத்தக் குடிக்கிறன்னு சொன்னேன்ல, இனி ஆஸ்பத்திரிச் சீட்டோட குடி” என்றார். அவள் அவர் கன்னத்தைத் தொட்டாள். விரல்கள் காகிதம் போல இருந்தன.

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு, அவள் காரைப் பற்றிப் பேசினாள். தமிழில் அல்ல. முதன்முறையாக, வீட்டு மொழியில், குழந்தையைக் கொஞ்சும் குரலில்: அந்த இரும்பு வாசம் இங்கே வரைக்கும் வருகிறதே, எவ்வளவு நன்றாக இருக்கிறது, கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்தால் எனக்குச் சரியாகிவிடும்.

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

அன்றிரவு முழுவதும் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின இரவும் அப்படித்தான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: படுக்கை சாயங்காலம்தான் காலியாகுமாம். மதியம் மின்சாரம் போனது. மின்விசிறி இரண்டு சுற்று தானாகச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் அவர் கண்ணை மூடவில்லை. இமைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தார், அவ்வளவுதான்.

விழித்தபோது கையில் தலையணையின் முனை இருந்தது.

கட்டிலில் யாரும் இல்லை.

இடுப்பைத் தடவினார். சாவி இல்லை.

“லலிதா.”

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. கொட்டகைக் கதவும் திறந்திருந்தது. நடந்தார். ஓட முடியவில்லை.

உள்ளே குளுமை. அந்த வாடை. பழகிய வாடை.

கார் கறுப்பாக மின்னியது. அவர் இன்னும் பெயிண்ட் வாங்கியிருக்கவில்லை.

பின்சீட்டில் லலிதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து. கன்னத்தில் சிவப்பு. உதட்டில் சிவப்பு. மணவறையில் ஓரக்கண்ணால் பார்த்தபோது இருந்த நிறம். அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டார்.

அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

கைப்பிடியைப் பிடித்தார். சூடு. திருகவில்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் இடுக்கை நகத்தால் தேடினார். மேலே. பக்கவாட்டில். கீழே.

இடுக்கு இல்லை.

அந்தப் பக்கம் போனார். அங்கும் இல்லை. கண்ணாடி எங்கே முடிந்து தகடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றாக இருந்தது.

உள்ளே அவளும் நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்துக்கொண்டே. பிறகு சிரிக்காமல்.

செங்கல் கிடந்தது. எடுத்தார். ஓங்கினார். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் கையில் அவர் சுற்றிய துணிக்கட்டு. இப்போது அது சிவந்து நனைந்திருந்தது.

இறக்கினார்.

அவள் தலையை ஆட்டினாள். உதடுகள் அசைந்தன. உடைங்க. இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். சத்தமில்லை. உடைங்க.

“முடியாது லலிதா. முடியாதும்மா.”

ஓங்கினார். இறக்கினார். தோள் கழன்று விழுவது போல வலித்தது. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தார். அப்போதுதான் பார்த்தார், மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு, இரண்டாகக் கிளை பிரிந்து அவள் முகத்துக்குக் குறுக்கே ஓடியது. விரிசல். தானாகவே விரிசல் விட்டிருக்கிறது. அவர் தொட வேண்டியதில்லை. கொஞ்சம் அழுத்தினால் போதும்.

விரலை வைத்தார்.

விரிசல் அல்ல. கண்ணாடிக்குள் ஓடும் பச்சை நரம்பு. விரலுக்கடியில் அது மெதுவாக, ஒரே சீராக, களைப்பே இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.