கூரையைக் காட்டும் கண்ணாடி

பாபடோயிட்டோய் புறநகரைத் தாண்டித் தெற்கே போகும் பழைய பெருந்தெருவின் ஓரத்தில் அந்தக் கோப்பிக்கடை நின்றது. அறுபதுகளில் கட்டியது. கூரை பின்னால் தாழ்ந்து, தெருப்பக்கம் உயர எழும்பியிருந்தது. முன்சுவர் முழுவதும் ஒரே கண்ணாடி; அதன் மேல் விளிம்பு வெளியே சரிந்திருந்தது. உள்ளே வளைந்து போகும் நீண்ட கவுண்டர். அதன் முன்னே தரையோடு பூட்டிய வட்ட ஸ்டூல்கள்.

யசீகரன் கதவைத் திறந்தான். அவன் கட்டட வேலை செய்பவன். மனைவி கிருசாந்தி கட்டடங்களுக்கு வரைபடம் வரைபவள். சொந்தமாக ஒரு சாப்பாட்டுக்கடை போட வேண்டும் என்பது இருவரின் நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

உள்ளே கால் வைத்ததும் கருகிய பால் மணந்தது.

“கனகாலம் பூட்டிக் கிடந்த கடை எண்டல்லோ சொன்னவை?” என்றாள் கிருசாந்தி.

“பழைய கட்டடம் எண்டா மணக்கும்தானே.”

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே இருட்டிவிட்டது. யசீகரன் பேட்டரி விளக்கைக் கவுண்டரில் வைத்து எரியவிட்டான். தெரு மறைந்து, பெரிய கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலானது. ஆனால் அதில் முகம் தெரியவில்லை.

“வடிவாப் பாருங்கோ,” என்றாள் அவள் ஆசையோடு. “சரிச்சு வைச்சபடியால் எங்களைக் காட்டாது. கூரையைத்தான் காட்டும். அந்தக் காலத்து ஆக்கள் என்னமா யோசிச்சிருக்கினம்!”

“கூரைதான் பிரச்சினை. இவ்வளவு உயரத்துக்கு ஹீற்றர் போட்டுக் கட்டுப்படியாகாது. கீழே பதிச்சு ஒரு சீலிங் அடிச்சு மூடிவிடுவம்.”

அவன் ஏணியை விரித்து ஏறினான். கூரைப் பலகையைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தான்.

மேலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

“எலியாயிருக்கும்,” என்றான்.

பலகைக்கு மேலே தகரம் மட்டும்தான். எலி ஓட இடமில்லை என்பது வரைபடத்தைப் பார்த்த அவளுக்குத் தெரியும். கருகல் மணம் கூடியது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

கூரையில் ஒருத்தி படுத்திருந்தாள்.

முதுகு பலகையோடு ஒட்டியிருந்தது. முகம் கீழே பார்த்தது. இடுப்பில் கட்டிய வெள்ளை ஏப்ரன் தொங்கவில்லை. அதுவும் மேலே ஒட்டிக்கிடந்தது.

கிருசாந்தி அண்ணாந்து நேரே பார்த்தாள். வெறும் பலகை.

மறுபடி கண்ணாடி. இப்போது அந்தப் பெண் யசீகரனுக்கு நேர் மேலே இருந்தாள். இரண்டு கைகளும் அவன் தலையை நோக்கி நீண்டன.

“இறங்குங்கோ,” என்றாள் கிருசாந்தி. “இஞ்சருங்கோ, இறங்கி வாங்கோ.”

“என்ன, பயந்திட்டீரே?”

அவன் சிரித்தபடி குனிந்தான். குனிந்த தலை சட்டென்று நிமிர்ந்தது. தலைமயிர் ஒரு பிடியாகச் சேர்ந்து மேலே இழுபட்டது. அவன் அலறினான்.

அவனுடைய சப்பாத்துகள் ஏணிப்படியை விட்டுக் கிளம்பின.

ஏணி சரிந்து விழுந்தது. அவன் விழவில்லை.

கிருசாந்தி கவுண்டரில் ஏறிப் பாய்ந்து அவன் கால்களைக் கட்டிப்பிடித்தாள். தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினாள். மேலே இழுவை இன்னும் இறுகியது. பிறகு ஏதோ கிழிந்தது. இருவரும் தரையில் மோதினார்கள். அவன் முகமெல்லாம் இரத்தம். அவனுடைய ஒரு கை மணிக்கட்டில் மடங்கிக் கிடந்தது.

கதவு திறக்கவில்லை. அவள் சுத்தியலை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். நொறுங்கிய துண்டுகளுக்கு மேலாக அவனை மழைக்குள் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் தலைக்குத் தையல் போட்டார்கள்; முறிந்த கைக்கு மாக்கட்டு. ஏணியிலிருந்து விழுந்தது என்று இருவரும் அங்கே சொன்னார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, கடையை வாடகைக்கு விட்ட ஏஜன்ட் ஏன் என்று கேட்கவில்லை. உடைந்த கண்ணாடியைப் பற்றியும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, பாட்டனி டவுன்ஸில் அவர்கள் வீட்டில் நல்ல வெயில். நோவுக்குக் குளிசை போட்ட மயக்கத்தில் யசீகரன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். சுகமான தூக்கம். கிருசாந்தி நிம்மதியோடு கட்டிலருகே போய் விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தாள்.

விரிப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. தலையணையில் பள்ளமும் இல்லை.

அவள் அவனுடைய முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே கையை நுழைத்தாள். எங்கும் தட்டாமல் கை மறுபக்கம் வந்தது.