சுடாத லேசர்... சுட்ட பொறாமை!

"ஐயோ... என்னங்க! எந்திரிங்க!"

அலறல் கேட்டு, மாடியிலிருந்த பல் டாக்டர் படியிறங்கி ஓடி வந்தார்.

மூட்டுவலி க்ளினிக். வலிக்கும் மூட்டில் சுடாத லேசர் ஒளி பாய்ச்சும் அறை. தெரபிஸ்ட் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். அருகில், நோயாளிகளின் பயிற்சிக்கு வைத்திருந்த இரும்பு டம்பெல்.

உயிர் இருந்தது... நூலிழையில்!

ஆஸ்பத்திரி வராந்தா.

"சம்பவம் நடந்தப்போ க்ளினிக்ல நீங்க ரெண்டு பேர்தான் இருந்திருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சின் இந்த முனையில் தெரபிஸ்ட்டின் மனைவி. க்ளினிக்கின் ரிசப்ஷனிஸ்ட்டும் அவளே. அந்த முனையில் தையற்கடைக்காரி. விரல் மூட்டுகள் வீங்கி, ஊசி பிடிக்க முடியாமல் சிகிச்சைக்கு வந்தவள். கணவன் இல்லை. அழகு இருந்தது.

"நான் கை கழுவப் போயிருந்தேன் சார்," விம்மினாள் தையற்கடைக்காரி. "திரும்பி வந்தா, இவங்க அவர் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டிருக்காங்க. என்னைக் கண்டாலே இவங்களுக்கு ஆகாது!"

"எப்படி ஆகும்?" மனைவி வெடித்தாள். "வாரத்துக்கு மூணு தடவை! கதவைச் சாத்திக்கிட்டு, ரெண்டு பேரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, இவ விரலை ஒவ்வொண்ணாப் பிடிச்சு..."

"லேசர் கண்ல படக்கூடாதுன்னு கண்ணாடி! மூட்டு மூட்டா கருவியை வைக்கணும்னா விரலைப் பிடிக்காம?"

"எனக்கும்தான் கழுத்து வலி! ஒரு மாசமா சொல்றேன். 'தைலம் தடவிக்கோ'ங்கறார் சார்! இவளுக்கு மட்டும் லேசரா?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்தார்.

"அப்போ பொறாமைதான்னு ஒத்துக்கறீங்க?"

"வயிறு எரிஞ்சுது! மறைக்க என்ன இருக்கு? அதுக்காக அவரை அடிக்க எனக்குக் கை வருமா சார்?"

"இதே வசனத்தை நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கேம்மா... விலங்கு மாட்டறதுக்கு முன்னாடி!"

பெண் போலீஸ் எழுந்தாள். மனைவி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

படீரென்று கதவு திறந்தது.

"பேஷன்ட் கண் முழிச்சுட்டார்!" என்றாள் நர்ஸ்.

எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். தலைக்கட்டோடு கிடந்தவன் மனைவியைப் பார்த்தான். பிறகு மெல்லக் கை நீட்டினான்...

தையற்கடைக்காரியை நோக்கி!

"வீக்கம் வடிஞ்சிடுச்சு, இனிமே வர வேண்டாம்னு சொன்னேன் சார். இன்னும் வலிக்குதுன்னு அழுதாங்க. எனக்குத் தெரியாதா? பொய்! 'உங்க நேரத்தை வேற பேஷன்ட்டுக்குக் கொடுத்துட்டேன்'னு இவங்ககிட்ட சொல்லித் திரும்பினேன்... அவ்வளவுதான்."

"யாரவ?" தையற்கடைக்காரி சீறினாள். "போன வாரம் பல்லைக் காட்டிக்கிட்டு வந்தாளே, அந்தச் சின்னப் பொண்ணுதானே? அவ விரலையும் அப்படித்தான் பிடிப்பியா?"

இன்ஸ்பெக்டர் பெண் போலீஸுக்குத் தையற்கடைக்காரியைக் கண்ணால் காட்டினார்.

அதற்குள் மனைவி முன்னால் வந்து நின்றாள்.

"யார் விரலைப் பிடிச்சாலும் இனிமே உன் விரலைப் பிடிக்க மாட்டாருடி!"

அடுத்த நொடி... மனைவியின் கொண்டை தையற்கடைக்காரியின் பிடியில்!

பெண் போலீஸ் இழுத்தாள். நர்ஸ் இழுத்தாள். பிடி தளர்வதாயில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

மூச்சு வாங்கக் கட்டில் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் வைத்தியம் பார்க்கறீங்க! என் முழங்காலுக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. குணமானதும் 'வராதே'ன்னு சொல்லுங்க சார்... நான் கோவிச்சுக்கவே மாட்டேன்!"