மொத்தமாக விற்கப்படும்

ஃபோன் அடித்தது.

காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. ஸ்டேஷனில் இருந்த கான்ஸ்டபிள் எடுத்தார்.

"என் வீட்டுக்காரரை யாரோ அடிச்சுப் போட்டிருக்காங்க. உயிர் இல்ல."

பெண் குரல். அழுகை இல்லை, பதற்றம் இல்லை. முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னது. தெருமுனையில் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஜீப் பின்பக்கமாக வரட்டும் என்று வழியும் சொன்னது.

"அவசரப்படாம வாங்க. அவர் இனிமே எங்கயும் போகப்போறதில்ல."

கான்ஸ்டபிள் ரிசீவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. பிணங்களைவிட உயிரோடு இருக்கிறவர்களைத்தான் அதிகம் சந்தேகிப்பவர். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்.

ரிட்டயர்டு சுங்க அதிகாரியின் வீடு. ஊரே அவரைக் கஸ்டம்ஸ்காரர் என்றுதான் சொல்லும். கீழ்வீட்டில் அவரும் மனைவியும். மாடியில் அவருடைய தம்பி... கல்யாணமாகாதவன், வீட்டு புரோக்கர்.

கஸ்டம்ஸ்காரர் தன் மேஜையிலேயே கவிழ்ந்து கிடந்தார். கன்னத்துக்கடியில் திறந்த ஆல்பம். பின்மண்டையில் அடி. பக்கத்தில் நோட்டுகளை மடிப்பு நீக்கி வைக்கும் கனத்த பித்தளைக் கட்டி. அதன் ஒரு முனையில் ரத்தம்.

சுவர் முழுக்க அலமாரி. அதில் நாற்பத்திரண்டு ஆல்பங்கள். எல்லாம் காகிதப் பணம். இன்று இல்லாத நாடுகளின் நோட்டுகள், அச்சுப்பிழையோடு வெளிவந்து திரும்பப் பெறப்பட்ட நோட்டுகள், கவிழ்ந்துபோன ராஜாக்கள் சிரிக்கும் நோட்டுகள். நாற்பது வருடச் சேகரிப்பு. எந்தெந்தப் பயணியின் பெட்டியிலிருந்து எது எது வந்தது என்று கேட்டால் கஸ்டம்ஸ்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

கூடத்தில் மூன்று பேர்.

காய்கறிப் பையோடு மனைவி. ஈரத் தலையோடு தம்பி. மூன்றாவது ஆள் பழைய நோட்டு வியாபாரி. சரியாகப் பத்து மணிக்கு வந்து மணி அடித்தவர். பாராட்டும் விலையுமாக வந்தவர், பிணத்தைப் பார்த்துவிட்டு சோபாவில் ஒடுங்கிக் கிடந்தார்.

அவர்தான் விஷயத்தைச் சொன்னார். போன வாரம் கஸ்டம்ஸ்காரர் ஃபோன் செய்தாராம். சேகரிப்பு முழுவதையும் விற்க முடிவு செய்துவிட்டேன், ஒன்றுகூட மிச்சம் வைக்கப் போவதில்லை, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து பார், யாரிடமும் மூச்சுவிடாதே என்றாராம்.

"நாப்பது வருஷம் கட்டிக் காத்ததை ஏன் திடீர்னு விக்கணும்?"

வியாபாரிக்குத் தெரியவில்லை. மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் விசாரித்தார். மனைவி ஒன்பது மணிக்கு மார்க்கெட் போனாள். கத்திரிக்காய் விலைக்குச் சண்டை போட்டதற்குக் கடைக்காரரே சாட்சி. ஒன்பது ஐம்பதுக்குத் திரும்பினாள். தம்பியோ மாடியில் குளித்துக்கொண்டிருந்தானாம். ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். அண்ணன் தனக்குத் தெய்வம் மாதிரி என்று மூக்கை உறிஞ்சினான். கண்ணில்தான் தண்ணீர் இல்லை.

கான்ஸ்டபிள் மாடிக்குப் போய்விட்டு வந்து இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார்.

"தம்பி... உங்க பாத்ரூம் தரை காய்ஞ்சு கிடக்குதாமே. தலையை மட்டும் எங்க போய் நனைச்சீங்க?"

அவன் கை தானாகத் தலைக்குப் போனது.

அதே நேரம், இன்ஸ்பெக்டர் சொன்னபடி உள்ளே ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்த வியாபாரி, கையில் லென்ஸோடு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. பெரிய விலை போகும் நோட்டுகள் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் கலர் ஜெராக்ஸ் இருக்கிறது என்றார். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதால் மேலோட்டமாகத் தெரியாது, வெளியே எடுத்துத் தடவினால் அசல் நோட்டு பழகின கை சொல்லிவிடும்.

மாடியைச் சல்லடையாகச் சலித்தார்கள். வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் ஒரு ஷூ பெட்டி. அதில் வரிசையாக எண்பத்தாறு நோட்டுகள்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். நாலு வருடமாக, அண்ணன் பகலில் தூங்கும் சமயம் பார்த்து, ஒவ்வொன்றாக உருவி ஜெராக்ஸைச் செருகி வந்தான். அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது அவனுக்குத் தெரியும். விற்க மட்டும் வழியில்லை. இந்த மாதிரி நோட்டை வாங்கக்கூடிய ஒரே ஆள் அண்ணனின் இந்த வியாபாரிதான். ஆகவே அண்ணன் சாகட்டும் என்று காத்திருந்தான். அதற்குள் விற்பனை. பத்து மணிக்கு ஆல்பத்தைத் திறந்தால் பத்தரைக்குத் தன் கையில் விலங்கு.

இன்று ஒன்பதரைக்குக் கீழே இறங்கி, இப்போது விற்கவேண்டாம், ஒரு மாதம் தள்ளிப்போடு என்று அண்ணனைக் கெஞ்சியிருக்கிறான். கஸ்டம்ஸ்காரர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"என்ன சொன்னார்?"

"என் சோத்தைத் தின்னுட்டுக் கிடக்கிற நாய் நீ. நோட்டைப் பத்தி உனக்கு என்னடா பேச்சு... அப்படின்னார். அம்பது வருஷமா அதே குரல். பித்தளைக் கட்டி என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துது."

சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு வேலையை முடித்த களைப்புதான் இருந்தது.

வியாபாரி ஷூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டை எடுத்தார். தடவினார். இன்னொன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் தொப்பென்று தரையில் வைத்தார்.

"இதுவும் ஜெராக்ஸ்தான் மேடம். எல்லாமே."



நாலு வருடம் ஒளிந்து ஒளிந்து, நகலைத் திருடிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு நகலைச் செருகியிருக்கிறான் தம்பி! அதற்காக ஒரு கொலை வேறு.

அப்போதுதான் அழுதான். அண்ணனுக்காக இல்லை... ஷூ பெட்டிக்காக. கேவிக் கேவி அழுதான். கான்ஸ்டபிள் அவனைக் குப்பைக்கூடையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அசல் எங்க?"

"பேங்க் லாக்கர்ல. என் பேர்லதான் லாக்கர்."

அவள் மறைக்க முயலவில்லை. அஞ்சு வருடம் முன்னால் ஒரு நாள் காபி கொண்டுபோனபோது, கணவர் வெற்றுப் பக்கத்தின் மேல் லென்ஸை வைத்து அரைமணி நேரமாக ரசித்துக்கொண்டிருந்தாராம். பார்வை போய்விட்டது என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்தது. அதை அவர் கடைசிவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. கொழுந்தனுக்குக் கை நீளம் என்பது கல்யாணமாகி வந்த முதல் மாதமே தெரியும். பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய் நகல் எடுத்து, அதை ஆல்பத்தில் செருகினாள். நல்லதையெல்லாம் லாக்கரில் வைத்தாள்.

"இந்த வீட்டுல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிச் சொல்லியே, ரெண்டு பேரும் என் முன்னாடி எதையும் மறைக்காம விட்டுட்டாங்க."

"இப்ப ஏன் விக்க முடிவு பண்ணினார்?"

கண் தெரியாதவனுக்கு ஆல்பம் எதற்கு? அதுதான் காரணம். ஆனால் முழுக் காரணம் இல்லை. கடலோரத்தில் ஒரு முதியோர் விடுதி. ஏசி அறை, நர்ஸ், மூன்று வேளைச் சாப்பாடு. அதற்கு முன்பணம் கட்டிவிட்டார். ரசீது சட்டைப்பையில் இருந்ததைத் துவைக்கும்போது பார்த்தாள். ஒருவருக்கு மட்டும் என்று அச்சடித்திருந்தது. வீட்டையும் விற்கப் பேசிக்கொண்டிருந்தார். இவளுடைய முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரே ஒரு நோட்டை விற்கலாமா என்று கேட்டபோது, உன் முட்டி அவ்வளவு பெறாது என்று சொன்ன மனிதர்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வியாபாரி வர்றதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் உத்தரவு போட்டிருக்கார். வியாபாரி சொல்லல. அவரும் சொல்லியிருக்க மாட்டார். அப்புறம் தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன். மார்க்கெட் கிளம்பும்போது. அவர் ஃபோன் பேசினப்ப பக்கத்துலதான் இருந்தேன்."

"அவன் நோட்டைத் திருடறதும் உங்களுக்குத் தெரியும்..."

"தெரியும்."

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனியா இருக்கிற நேரத்துல, இதைச் சொன்னா என்ன ஆகும்னும் தெரியும்."

அவள் காய்கறிப் பையிலிருந்து கத்திரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"பத்து மணிக்கு நோட்டையெல்லாம் வாங்க வியாபாரி வர்றார், சட்டையைப் போட்டுட்டு இருங்கன்னு சொன்னேன். எந்தச் சட்டத்துல தப்புன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த எந்தச் சட்டத்திலும் அது இல்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டிலிருந்து, முதுகுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே வெளியேறினார்.

வாசலில் வியாபாரி இன்னும் போகாமல் நின்றிருந்தார். பயமெல்லாம் பறந்துபோயிருந்தது. கையைப் பிசைந்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அம்மா... இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். லாக்கர்ல இருக்கிறதை மொத்தமா குடுக்கிறதா இருந்தா..."

"குடுத்துடலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாங்க."

வியாபாரி தயங்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"விஷயம் வெளியில போகாம பார்த்துக்கணும்மா."

"பயப்படாதீங்க" என்றாள் அவள். "இந்தத் தடவை சொல்றதுக்கு வீட்டுல ஆள் இல்ல."