தணிகைவேலின் மசக்கை

காலை ஐந்தரைக்கு எழுந்ததும் தணிகைவேல் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாஷ்பேசின் முன்னால் குனிந்து ஓங்கரித்தான். ஒன்றும் வரவில்லை. வரவும் வராது. மூன்று நாளாக அவனுக்குக் குமட்டலே இல்லை. ஆனாலும் கூடத்தில் இருக்கும் மனைவிக்குக் கேட்கும்படி இன்னும் இரண்டு தடவை ஓங்கரித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

“ரொம்பப் படுத்துதா?” என்றாள் அருள்மொழி.

“வழக்கம்போலத்தான்.”

அருள்மொழிக்கு இது எட்டாவது வாரம். பிள்ளை அவள் வயிற்றில், மசக்கை இவன் தலையில். கருவைத் தாய் சுமந்தால் அதன் உபாதையைத் தகப்பன் சுமக்கட்டும் என்று யாரோ புண்ணியவான்கள் சட்டம் போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவள் மணிக்கட்டில் ஒரு பகிர்பட்டை, இவன் காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஓர் ஏற்பி. அவள் உடம்பில் கிளம்பும் குமட்டலும் தலைசுற்றலும் அவளுக்குத் தெரியாமலே நேராக இவனுக்கு வந்து சேரும்.

அவன் திருச்சியில் ஓர் ஓட்டலில் சரக்கு மாஸ்டர். சாம்பாருக்குத் தாளிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிற சமையல்காரனை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? சிரித்தார். அவரும் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி எடுத்தவர்தான்.

மூன்று நாளுக்கு முன்னால், வெங்காயம் வதங்குகிற வாசனை சும்மா வாசனையாக மட்டும் வந்தது. தணிகைவேல் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நின்றான். போன வருஷமும் எட்டாவது வாரத்தில் இப்படித்தான் திடீரென்று நின்றது. அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவன்தான் போய் அவளிடம் சொன்னான். ஸ்கேனில் பார்த்துக் கரு கலைந்துவிட்டது என்று உறுதி செய்தது அதற்கப்புறம்தான்.

இந்தத் தடவை சொல்ல நாக்கு எழவில்லை. கருநல நிலையத்தின் வாசல்வரை போனான். குமட்டல் நின்றதை அங்கே பதிந்தால் தகவல் முதலில் அவள் கைபேசிக்குத்தான் போகும். திரும்பி வந்துவிட்டான். எட்டாவது வாரத்தில் பிள்ளை மொச்சைக்கொட்டை அளவு இருக்கும், விரல்கள் பிரியத் தொடங்கும் என்று நிலையத்தில் கொடுத்த படத்தில் போட்டிருந்தது. அந்த விரல்கள் இருக்கின்றனவா, போய்விட்டனவா? பட்டைதான் பழுதா? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. அது தன்னுடைய கிறுகிறுப்பா, அவளுடையதா என்றுகூட அவனுக்குப் பிடிபடவில்லை.

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“எதுக்குங்க நடிக்கிறீங்க?”

அவனுக்குப் பக்கென்றது.

“மூணு நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். குழாயத் தொறந்து விட்டுட்டு சும்மா சத்தம் போடுறீங்க. அப்ப இத்தனை வாரமும் நடிப்புதானா?”

“இல்ல அருள். முன்னாடி எல்லாம் நெசம். மூணு நாளாத்தான்... நின்னுபோச்சு. போன தடவை மாதிரியே. சொல்லப் பயமா இருந்துச்சு.”

அவள் முகம் மாறியது. சட்டைக் கையை மேலே இழுத்தாள். பட்டையில் எரியவேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை.

“நான்தான் அணைச்சு வச்சேன்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“போன தடவை என் வயித்துல நடந்தத நீங்க வந்து எனக்குச் சொன்னீங்க. எனக்கு ஒரு கொமட்டல் இல்ல, ஒரு மயக்கம் இல்ல. உள்ள ஒண்ணு இருந்துச்சா இல்லையான்னே தெரியாம அழுதேன். இந்தத் தடவையாவது எனக்குத் தெரியணும்னு தோணுச்சு. சொன்னா விடமாட்டீங்க. நீங்க வேலைக்குப் போனப்புறம் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப புள்ள...”

கேட்டு முடிப்பதற்குள் அவனைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அந்தச் சத்தம் நிஜம். அவனுக்குத் தெரியாதா என்ன? பின்னால் போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“கொடலப் பொரட்டுதுங்க” என்று நிமிர்ந்தாள். அத்தனை களைப்பிலும் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

“போதும், பட்டையப் போடு. நான் வாங்கிக்கிறேன்.”

“மாட்டேன்.”

“எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குது அருள். பயமா இருக்கு.”

“எனக்கு இத்தனை வாரமும் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் அருள்மொழி.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். வேலைக்குப் போனான். சாம்பாருக்குத் தாளித்தான். கடுகு வெடித்தது, பெருங்காயம் மணத்தது, வயிறு சமர்த்தாக இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டுப் போனை எடுத்தான்.

“கொமட்டுதா?”

“ம்.”

“நல்லா கொமட்டுதா?”

“நல்லா.”

நிம்மதியாகப் போனை வைத்தான். அந்த நிம்மதி அரை மணி நேரம் தாங்கியது. பிறகு மறுபடியும் அவளைக் கூப்பிட்டான்.