ஒட்டுயிர் இரண்டு

டங், டங், டங் என்று மணி மூன்று முறை அதிர்ந்த வேகத்தில் செலஸ்டீனாவின் கையிலிருந்த தோசைக்கரண்டி எகிறிப்போய் என்ஜின் குழிக்குள் விழுந்தது.

"ஒட்டுயிர் கண்டேன்" என்றது சுவரில் இருந்த உரைப்பெட்டி. "எண்ணிக்கை இரண்டு. அகற்றும் பணி தொடங்குகிறது."

குழிக்குள் குனிந்து பம்புக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஜோவாக்கிம், தலையைத் தடவிக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, என் மண்டைதான் கெடச்சுதா?"

"மண்டையை விடுங்க. மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் அந்தப் பெட்டி வாயத் தொறந்திருக்கு. ஒட்டுயிராம். ரெண்டாம்."

"ரெண்டுக்கா இந்தக் கூப்பாடு? முன்னாடி நம்ம சுரண்டுன காலத்துல ரெண்டு வாளி நெறையும்."

உண்மைதான். படகிலேயே குடியிருப்பவர்களுக்குப் பெரிய சத்துரு புயல் அல்ல, கொட்டலசு. படகின் அடியில் சிமெண்டு வைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும், ஓடுள்ள சின்ன உயிர். விட்டால் படகு கனத்துப்போகும், பலகை கெட்டுப்போகும். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கும் மிதவூர்க்காரர்கள் சனிக்கிழமை தோறும் சுரண்டியும் கையுமாகத் தண்ணீருக்குள் இறங்கியதெல்லாம் தன்தோல் வருவதற்கு முன்பு.

தன்தோல் என்பது உயிருள்ள பூச்சு. படகின் உள்ளும் புறமும் தடவிவிட்டால் தோலைப் போலவே படர்ந்து வளரும். கீறினால் ஆறும். ஓட்டை விழுந்தால் மூடிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ள வரும் கொட்டலசைத் தானே உதிர்த்துவிடும். சொல்ல வேண்டியதை உரைப்பெட்டி வழியே சொல்லும். மூன்று வருடத்துக்கு முன் அதை முதன்முதலில் பூசிக்கொண்டது இவர்களுடைய படகுதான். மறுநாள் ஊரின் நடுவே மிதக்கும் நிலைத்துறைக்கும், அங்கே கட்டிக்கிடந்த படகுகளுக்கும் பூசினார்கள்.

அந்த நிலைத்துறையில் ஓர் இடம் பிடிப்பதுதான் செலஸ்டீனாவின் உயிர். அங்கே கயிறு கட்டிவிட்டால் தலைமுறைக்கும் அசைக்க ஆளில்லை. புயலிலும் நங்கூரம் இழுபடாது. ஆனால் இடம் சும்மா கிடைக்காது. ஆயிரம் நாள் கரையை மிதிக்கக் கூடாது, வேறு படகிலோ வள்ளத்திலோ ஏறக் கூடாது. கணுக்காலில் பூட்டிய கால்காப்பு ஆயிரம் நாளும் பச்சையாகவே எரிய வேண்டும். ஒரு நொடி சிவந்தாலும் மறுபடி முதல் நாள். கடைசி மூன்று வருடங்களில் ஒருவரும் தேறவில்லை. கல்யாணம் என்று ஒருவர் இறங்கினார், கருமாதி என்று ஒருவர் இறங்கினார். செலஸ்டீனா தன் தங்கை கல்யாணத்தைத் தொலைநோக்கி வழியே பார்த்தாள். தெரிந்தது கோயில் கோபுரத்து விளக்கு மட்டும். ஜோவாக்கிம் தன் கடைவாய்ப் பல்லை என்ஜினுக்கு வைத்திருந்த குறட்டால் தானே பிடுங்கிக்கொண்டான்.

இன்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாவது நாள்.

"நாளைக்குத் துறைக்குப் போற படகு, அடியில ரெண்டு கொட்டலசோட போகக் கூடாது" என்று சொல்லி, பழைய சுரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் குதித்தாள். அடிப்பாகம் முழுவதும் தடவிப் பார்த்தாள். கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது. கொட்டலசு என்ன, பாசிகூட இல்லை.

மேலே ஏறப் போனவளின் கை ஏணியில் நிற்கவில்லை. விளக்கெண்ணெய் ஊற்றியது போல் வழுக்கியது. நாலாவது முயற்சியில் ஜோவாக்கிம் தலைமுடியைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே தூக்கினான். தூக்கிய வேகத்தில் அவனும் சறுக்கி விழுந்தான். மேல்தளமும் வழுக்கியது.

"செலி, குடிதண்ணிக் குழாய் வரமாட்டேங்குது. பாத்தேன். தொட்டி வாயையே தோல் மூடிருச்சு."

"சன்னலைப் பாருங்க."

நேற்றுவரை முழ அகலம் இருந்த சன்னல் இன்று சாண் அகலம்தான் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஒரு விரல் சுருங்கியது. காலடியில் தளம் லேசாகச் சுட்டது.

செலஸ்டீனா ஒயர்லெஸ்ஸைப் பிடித்தாள். கரையில் தன்தோலை வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் முப்பிடாதி. இந்தப் படகுக்கு முதல் கை பூச்சு பூசியவளே அவள்தான்.

"தெரிஞ்ச உயிருன்னா அது சத்தமில்லாம உதிர்த்துரும் அக்கா" என்றாள் முப்பிடாதி. "புதுசா எதையாவது கண்டாத்தான் மணி அடிக்கும். முதல்ல வழுக்கும். அப்புறம் தண்ணி, தீனியை அடைக்கும். அதுக்கும் போகலன்னா சூடு வைக்கும்."

"எல்லாம் நடக்குதும்மா. ஆனா அடியில ஒண்ணுமே இல்ல."

"புதுசா பாக்கிற உயிரை அது உடனே தொடாது. கிட்டத்தட்ட ஆயிரம் நாள் கவனிக்கும். உயிரா இருக்கணும், படகை விட்டு அகலாம ஒட்டிக்கிட்டே இருக்கணும், அங்கேயே தின்னு அங்கேயே வளரணும். அப்பத்தான் ஒட்டுயிர்னு முடிவு பண்ணும்." முப்பிடாதியின் குரல் மெல்ல இறங்கியது. "அக்கா, நீங்க கடைசியா எப்ப இறங்குனீங்க?"

செலஸ்டீனா குனிந்தாள். தன் கணுக்காலில் பச்சையாக எரிந்த காப்பைப் பார்த்தாள். பிறகு ஜோவாக்கிமின் கணுக்காலைப் பார்த்தாள்.

"ரெண்டு" என்றான் ஜோவாக்கிம். "மூணு வருஷமா இதுக்கு எண்ணெய் போட்டு, துடைச்சு, பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன். என்னையவே கொட்டலசுங்குதே."

"நிறுத்த வழி இல்லையாம்மா?"

"உயிருள்ள தோலுக்கு சுவிட்ச் ஏது அக்கா? ஆனா ஒரு வழி இருக்கு. ஒரு வற்றம், அதாவது ஆறு மணி நேரம், விலகியிருந்துட்டு வந்தா அது உங்களை விருந்தாளின்னு எடுத்துக்கும். நண்டு, மீனெல்லாம் அப்படித்தான் வந்துபோவுது. கணக்கு முதல்லருந்து ஆரம்பிக்கும். நீங்க கரைக்கு வந்துருங்க, நான் படகு அனுப்புதேன்."

கரைக்குப் போனால் காப்பு சிவக்கும். அனுப்புகிற படகில் ஏறினாலும் சிவக்கும். இங்கேயே நின்றால் வெந்துபோக வேண்டியதுதான். தங்கை கல்யாணம், கடைவாய்ப் பல், மூன்று வருடம், எல்லாம் போச்சு. ஜோவாக்கிம் பொட்டலம் கட்டவே ஆரம்பித்துவிட்டான்.

"நில்லுங்க" என்றாள் செலஸ்டீனா. அவள் கையில் இன்னும் அந்தப் பழைய சுரண்டி இருந்தது. "இப்ப நான் இதோட தண்ணிக்குள்ள குதிச்சப்ப காப்பு சிவந்துச்சா?"

"இல்ல. கடலு கரையில்லையே."

"படகும் இல்லையே."

ஜோவாக்கிம் பொட்டலத்தைக் கீழே போட்டான்.

அடுத்த நிமிடம் இருவரும் காலி டீசல் கேன்களை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் இருந்தார்கள். நங்கூரக் கயிறு வெறும் கயிறுதான், அதில் தன்தோல் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. நீரோட்டம் இழுத்தது. இரண்டாவது மணி நேரத்தில் ஜோவாக்கிமின் கை மரத்தது. அவள் தன் சேலைத் தலைப்பால் அவனைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினாள். நாலாவது மணி நேரத்தில் சொறி என்ற ஜெல்லிமீன் ஒன்று அவன் தொடையைத் தடவிப் போனது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, குளியலா?"

"ஆமா, தீபாவளிக் குளியல்" என்றாள் செலஸ்டீனா.

"ஒரு கிறிஸ்தவன் இதையும் கேக்க வேண்டியிருக்கு" என்று முனகினான் ஜோவாக்கிம். வலியை மறந்து இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனது.

ஆறு மணி நேரம் முடிந்ததும் ஏணியைத் தொட்டாள். வழுக்கவில்லை. சன்னல் பழையபடி முழ அகலம். தொட்டி வாய் திறந்திருந்தது. "ஒட்டுயிர் இல்லை. படகு நலம்" என்றது உரைப்பெட்டி. விரல்கள் அவித்த பனங்கிழங்காகச் சுருங்கியிருக்க, காப்பு மட்டும் இரண்டு காலிலும் பச்சைப் பசேலென்று எரிந்தது.

மறுநாள் காலை பூவும் கொடியும் கட்டி, படகை நிலைத்துறைக்கு விட்டார்கள். துறைக் கண்காணிப்பாளர் மிராண்டா மாலையோடு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையாக அறுபத்திரண்டு படகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் வெளியே வந்து கைதட்டியது. மேளம் முழங்கியது.

"வாங்க தங்கச்சி, நீங்க அறுபத்து மூணாவது வீடு" என்றார் மிராண்டா. "கயித்தைத் தூணுல போடுங்க. இந்தத் துறையோட வழக்கம் தெரியும்லா? கட்டுன கயித்தை அவிழ்க்கிறது அபசகுனம். இந்த அறுபத்திரண்டு படகும் கட்டுன நாள்லருந்து ஒரு சாண் நகந்ததில்ல. அதான் எங்க பெருமை."

செலஸ்டீனா கயிற்றை வளையமிட்டுத் தூணை நோக்கி நீட்டினாள். அவள் விரல் தூணைத் தொட்டது. விளக்கெண்ணெய் ஊற்றியது போல் வழுக்கியது.

அவள் நிமிர்ந்து, உயிருள்ள தோல் போர்த்தி ஒரு சாண் நகராமல் துறையோடு ஒட்டிக்கிடந்த அந்தப் படகு வரிசையைப் பார்த்தாள். முதல் நாள் பூச்சு பூசியது தன் படகுக்கு, மறுநாள் இந்தத் துறைக்கு. கயிற்றைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். மேளச் சத்தத்தை மீறி, துறையின் உச்சியில் இருந்த பெரிய உரைப்பெட்டியில் மணி மூன்று முறை அடித்தது.

"ஒட்டுயிர் கண்டேன். எண்ணிக்கை அறுபத்திரண்டு. அகற்றும் பணி தொடங்குகிறது."