மூன்று மெஷின்களும் இரண்டு டேங்க்குகளும்

அந்தப் பழைய மினி லாரி பின்பக்கமாகவே சந்துக்குள் வந்து, குப்பைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரே மூச்சில் நின்றது. சர்வேயரின் மாடி ஜன்னலில் நின்றிருந்த, பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர் திரும்பினார்.

"சார், நமக்குத்தான் யாரோ வர்றாங்க."

சர்வேயர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த லாரிகளையும் தண்ணீரில் மூழ்கிய மோட்டார்களையும் பார்த்து ஓய்ந்தவர். அந்த வேலை விட்டுப் போனாலும், தேடி வருகிறவர்கள் விடவில்லை. யார் வந்தாலும் முதலில் அவருக்கு முழங்கால்தான் வலிக்கும்.

வந்தவள் நாற்பத்தைந்து வயதுப் பெண். லாரிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"மூணு மெஷின் எரிஞ்சு போச்சு சார். புல் சீவுறது, வேலிச்செடி கத்தரிக்கிறது, மரம் அறுக்கிறது. மூணும் புதுசு. நேத்துதான் தொழில்ல முதல் நாள்."

"என்ன தொழில்?"

"தோட்ட வேலை. நான், என் வீட்டுக்காரர், என் தம்பி. எட்டு மாசமா ஒவ்வொண்ணா வாங்கிச் சேர்த்தோம். ஷெட்டுல அலமாரி, வண்டி, வண்டிக்குக் கூண்டு எல்லாம். நேத்து ஒரு காலேஜ் தோட்டத்துல இறங்கினோம். கால் மணி நேரத்துல மூணும் இறுகி நின்னுடுச்சு."

"பெட்ரோல்ல ஆயில் கலக்கலையா?"

"அதுதான் சார் புரியலை. கையில பிடிக்கிற சின்ன மெஷினுக்குப் பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தணும், இல்லேன்னா எரிஞ்சுடும். தள்ளிக்கிட்டுப் போற பெரிய புல் வண்டிக்கு வெறும் பெட்ரோல். மாறிடக் கூடாதுன்னுதான் என் தம்பி லாரியோட ரெண்டு பக்கமும் ரெண்டு டேங்க் வெல்டிங் பண்ணி, குழாய் வெச்சான். இடது பக்கம் ஆயில் கலந்தது, வலது பக்கம் வெறும் பெட்ரோல். இப்பவும் அதது அந்தந்த டேங்க்லதான் இருக்கு. ஆனா மெஷின் எரிஞ்சிருக்கு."

"யாரைச் சந்தேகப்படறீங்க?"

அவள் சாவியைப் பார்த்தாள். "நான் யாரையும் சந்தேகப்படலை. அவங்க ரெண்டு பேரும்தான். என் தம்பியை வேற கம்பெனியில கூப்பிடுறாங்க, அதான் கெடுத்துட்டுப் போகப் பார்க்கிறான்னு இவர் சொல்றார். தன்னை வெளிய தள்ள மாமாதான் ராத்திரி வந்து பெட்ரோலை மாத்தினார்னு அவன் சொல்றான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒருத்தர் வெளிய போயாகணுமாம். ஒருத்தர் வீட்டுக்காரர், ஒருத்தன் கூடப்பிறந்தவன். நான் யாரை அனுப்ப?"

சர்வேயர் செருப்பைத் தேடினார்.

ஷெட் நீளமாக, ஒரு லாரி அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தெருப் பக்கம் பெரிய கதவு, உள்ளே கடைசியில் ஆள் நுழையும் சின்னக் கதவு. ஒரு சுவர் முழுக்க அலமாரி. மண்வெட்டி, கத்தரி என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் சுவரில் வரைந்து, அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்தச் சாமானை மாட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் பெரிய புல் வண்டி. மேலே பல்பு இல்லாமல் இரண்டு ஒயர் தொங்கியது.

அந்தப் பெண் லாரியைப் பின்பக்கமாகவே உள்ளே விட்டு, இடது பக்கம் அலமாரிச் சுவரை ஒட்டி நிறுத்தினாள். லாரியின் முகம் தெருவைப் பார்த்தது. இஞ்சினிலிருந்து ஒரு சொட்டு ஆயில் விழுந்தது. அங்கே ஏற்கெனவே நிறையக் கறைகள் இருந்தன.

"எப்பவும் இப்படித்தான் நிறுத்துவீங்களா?"

"அவர்தான் நிறுத்துவார். நேத்து வேலையில இருந்து வந்ததிலிருந்து சாவியைத் தொடலை."

சர்வேயர் மெதுவாக ஷெட்டின் கடைசி வரை நடந்தார். சின்னக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு புதுக் கறை. ஒன்றுதான். விரலால் தொட்டு முகர்ந்தார். திரும்பி வந்து, பெரிய கதவின் நிலையில் லாரியின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்த கீறலையும் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார்.

அதற்குள் ஆண்கள் இருவரும் வந்தார்கள். தம்பி லேசாக நொண்டினான்.

"கால்ல என்ன?" என்றார் ஸ்டூடியோக்காரர் ஆவலாக.

"நேத்து விடிகாலை இருட்டுல முட்டியைப் பம்பர்ல இடிச்சுக்கிட்டேன். அதுவும் குத்தமா?"

"எதுக்கெடுத்தாலும் இருட்டு இவனுக்கு" என்றார் வீட்டுக்காரர். "பல்பு மாட்டுடான்னு ரெண்டு மாசமாச் சொல்றேன்."

"ஹோல்டர் வாங்கிட்டு வாங்கன்னு நானும் ரெண்டு மாசமாத்தான் சொல்றேன், மாமா."

வீட்டுக்காரர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். முதல் கொஞ்சம் கப்புக்கு இடப்பக்கம் மேசையில் விழுந்தது. "தூக்கமில்லை" என்று கப்பை மட்டும் துடைத்தார். இடது பக்கம் நின்ற ஸ்டூடியோக்காரர் நன்றி சொன்னபோது, அவர் உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

சர்வேயர் நாலு வெள்ளைத் தாள் கேட்டார். இடது டேங்க், வலது டேங்க், எரிந்த மெஷின், புல் வண்டி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு.

"பெட்ரோல் காஞ்சுடும். ஆயில் இருந்தா கறை தங்கும்."

காத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இடது டேங்க் தாளில் கறை தங்கியது. வலது டேங்க் தாள் சுத்தமாகக் காய்ந்தது. எரிந்த மெஷினின் தாளும் சுத்தம். புல் வண்டியின் தாளில் எண்ணெய்க் கறை.

"புல் வண்டி நேத்து புகைஞ்சுதா?"

"ஆமா சார், கரும்பு ஆலை மாதிரி" என்றான் தம்பி. "ஆனா ஓடுச்சு."

ஸ்டூடியோக்காரர் சர்வேயரின் காதருகே வந்தார். "தம்பிதான் சார். ரெண்டையும் வேணும்னே மாத்தி ஊத்தியிருக்கான்."

"வேணும்னே கெடுக்கிறவன் புல் வண்டிக்கு எதுக்கு ஆயில் குடுக்கணும்? மூணை எரிச்சா போதாதா?" சர்வேயர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தம்பி, காலைல எப்படி ஊத்துவேன்னு செஞ்சு காட்டு."

தம்பி சின்னக் கதவு வழியே வந்து, லாரிக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்தான். முகத்தை அலமாரிப் பக்கம் வைத்தபடியே கையைப் பின்னால் நீட்டினான். விரல் நேராகக் குழாயில் போய் நின்றது.

"பார்க்கிறதில்லையா?"

"இருட்டுல என்ன பார்க்கிறது? ஒரு மாசமா மெஷினை ஓட்டிப் பார்த்துப் பழகிடுச்சு, கை தானாப் போகும். அலமாரிப் பக்கக் குழாய் சின்ன மெஷினுக்கு, அந்தப் பக்கக் குழாய் புல் வண்டிக்கு."

"அதாவது, நீ இடது வலது பார்த்து ஊத்தலை. சுவர்ப் பக்கம் எது வருதோ, அதை ஊத்துறே."

தம்பியின் கை குழாயிலேயே நின்றுவிட்டது.

"இந்த வண்டிக்குப் பின்னாடி பம்பர் கிடையாது" என்றார் சர்வேயர். "முன்னாடி மட்டும்தான். சின்னக் கதவு வழியா வந்த உனக்கு நேத்து எப்படி முட்டி இடிச்சுது? இஞ்சின் ஆயில் எப்பவும் தெருப் பக்கம் சொட்டும். நேத்து மட்டும் எப்படி உள்ளே சொட்டுச்சு?"

"வண்டி மூஞ்சி உள்ள இருந்துச்சு" என்றான் தம்பி மெல்ல. "ஆமா. இருந்துச்சு. இடிச்சதும் திட்டிட்டு, அப்படியே வேலையைப் பார்த்துட்டேன்."

"வண்டி திரும்பினா டேங்க்கும் பக்கம் மாறும். சுவர்ப் பக்கம் வெறும் பெட்ரோல் வந்துடுச்சு. யாரும் எதையும் மாத்தலை, யாரும் கெடுக்கலை."

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். "ஏன் அப்படி நிறுத்தினீங்க? ரிவர்ஸ்ல ஒரே தடவைல விடுவேன்னு ஊரெல்லாம் சொல்வீங்களே."

 சர்வேயர் இதைச் சொல்ல விரும்பாதவர்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பின்னாடி விட்டா சுவர் அவருக்கு இடது பக்கம் வரும். முந்தாநாள் சாயங்காலம் முயற்சி பண்ணியிருக்கார், கதவு நிலையில உரசியிருக்கு. அப்புறம் நேராவே உள்ள விட்டுட்டார். டீ ஊத்தும்போது பார்த்தேன். ஐயா, இடது கண் எத்தனை நாளா?"



"மூணு மாசம்" என்றார் வீட்டுக்காரர். "புகை அடிச்ச கண்ணாடி மாதிரி. மச்சானுக்கு வெல்டிங் தெரியும், செடி தெரியும். இவளுக்கு ஆளுங்ககிட்டப் பேசத் தெரியும். எனக்கு வண்டி மட்டும்தான். அதுவும் போச்சுன்னா என்னை எதுக்கு வெச்சுக்குவீங்க?"

"அதுக்காக என்னைத் திருடன் மாதிரி ஆக்கிட்டீங்களே, மாமா" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தான். முடியும்போது குரலில் அசதிதான் இருந்தது.

"வண்டி திரும்பி நின்னதை நினைச்சே பார்க்கலைடா. சத்தியமா நீதான்னு நம்பினேன்."

"நானும் நீங்கதான்னு நம்பினேன்."

அந்தப் பெண் மேசையில் சிந்தியிருந்த டீயைத் தன் கையாலேயே துடைத்தாள். "யாரும் எங்கயும் போகலை. எட்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவ நான். வண்டி நான் ஓட்டுறேன். காலைல முதல்ல கண் டாக்டர், அப்புறம் காலேஜ். மெஷின் சரியாகிற வரைக்கும் கத்தரியால வெட்டுவோம்."

"மூணு ஏக்கரையும் கையாலயா அக்கா?"

"ரெண்டு நாளா வாயால வெட்டுனீங்களே."

ஸ்டூடியோக்காரர் மட்டும் சிரித்தார். தம்பி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்து, இடது டேங்க்கின் முன்னால் குந்தினான். நொண்டும் காலை நீட்டிக்கொண்டு, குழாயைச் சுற்றிப் பூச ஆரம்பித்தான்.

பெயின்ட் காய்ந்ததும் சர்வேயரை வீட்டில் விடக் கிளம்பினார்கள். சர்வேயரும் ஸ்டூடியோக்காரரும் தம்பியோடு பின்னால் கூண்டில் ஏறினார்கள். வீட்டுக்காரர் பழக்கத்தில் ஸ்டீயரிங் பக்கக் கதவு வரை போய், நின்று, லாரியைத் தடவியபடியே சுற்றி வந்து அடுத்த பக்கம் உட்கார்ந்தார்.

அவள் வண்டியை மெல்ல வெளியே எடுத்தாள். "உங்க பக்கம் கதவு நிலையில இடிக்குமா, பாருங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தார்.

"தெரியலை" என்றார்.

"சரி" என்று அவள் பிரேக்கை மிதித்தாள். "தம்பி, நீ இறங்கிப் பாரு."