நான் யார் என்று கேட்ட கணினிகள்

சந்திரனில் பொழுது சாயப்போகிறது என்றால் வீட்டுச் சுவருக்குப் பசை தடவ வேண்டும். அங்கே ஓர் இரவு என்பது இரண்டு வாரம். குளிரில் சுவர் மூட்டுகள் விண்டு ஒருமுறை உறைந்துபோன வீடு மறுபடி வீடாகாது. அதனால் கிழக்குக் கூடாரத்தில் அன்று எல்லோரும் பசைவாளியும் கையுமாக அலைந்தார்கள், ஜெசிந்தாவைத் தவிர.

அவள் கணப்பு அறையில் நின்று பழைய மேசைக் கணினிகளை முறைத்துக்கொண்டிருந்தாள். கூடாரத்தின் அத்தனை வீடுகளுக்கும் குழாய்வழி சூடு அனுப்புபவை அவைதாம். அவற்றுக்குச் சொந்தமாக நினைவுத்தட்டு கிடையாது. மின்சாரம் கொடுத்ததும், "இது என் எண். நான் யார்? என் இயங்குதளம் எங்கே?" என்று வலைப்பின்னலைப் பார்த்துக் கூவும். எங்கோ இருக்கும் சர்வர் பெயர் சொல்லி, இயங்குதளத்தை அனுப்பி எழுப்பிவிடும். இதற்கு வலைவிழிப்பு என்று பெயர். இத்தனை காலம் எழுப்பிக்கொண்டிருந்த கம்பெனி, "ஆதரவு நிறைவுற்றது, புதிய கணினி வாங்கவும்" என்று ஒற்றை வரியில் கையை விரித்துவிட்டது. ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டு, வண்டி ஓடவில்லை, புதுசு வாங்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது.

யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் கிடக்கும் திறமூல இயங்குதளம் ஒன்றை எடுத்து, இந்தப் பழசுகளுக்குத் தக்கபடி தட்டிக்கொட்டி, சர்வரையும் தானே அமைத்துவிட்டாள். கணினியோ கூவிக் கூவிப் பார்த்து, "பதில் இல்லை" என்று திரையில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"வயர மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு மதினி," என்றான் அவள் கொழுந்தன் ரெக்ஸ். "இது கூவுறதே சர்வருக்குக் கேக்கல. நடுவுல யாரோ முழுங்குதாங்க."

நடுவில் இருந்தது வாயிலி. வலைப்பின்னலின் வாசலில் தலைமைக் கூடாரம் உட்கார்த்திவைத்த அறிவுப்பெட்டி. ஜெசிந்தா அதன் பேச்சுப் பொத்தானை அமுக்கினாள்.

"மதிப்பிற்குரிய பயனரே, புதிதாக இணையும் எந்தக் கருவியையும் அரை நிமிடம் ஆராய்ந்த பிறகே அனுமதிப்போம். அதுவரை அது சொல்வது எதுவும் செவிமடுக்கப்படாது. தங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்."

"அவ்வளவு நேரம் கூவ அதுக்குத் தெம்பில்ல. அதுக்குள்ள படுத்துருது."

"எனில், அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கவும்."

"அணைச்சா நீ திரும்பவும் முதல்லேருந்து ஆராய்வ."

"ஆம். தங்கள் புரிதலுக்கு நன்றி."

ஜெசிந்தாவுக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. "உள்ள இருக்கவனுக்கு வெளிய நிக்கவன் பாடு தெரியுதா பாரு ரெக்ஸு. 'நீ யாரு, நீ யாரு'ன்னு கேக்கான். அது தெரியாமத்தான அந்தப் பெட்டியே கூவிக்கிட்டுக் கிடக்கு. பொழுது சாஞ்சா நம்ம பிள்ளைங்கள எங்க கொண்டு படுக்க வைக்க?"

கோபத்திலேயே வழி தோன்றியது. சாமான் அறையிலிருந்து ஒரு பழைய கிளைப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்துவரச் சொன்னாள். மருந்துக்கும் மூளை இல்லாத பெட்டி. ஒரு துளையில் வருவதை மற்றத் துளைகளுக்கெல்லாம் அப்படியே தள்ளிவிடும். யார் எவர் என்று கேட்காது. வாயிலிக்கும் கணினிகளுக்கும் நடுவே அதை மாட்டினார்கள். வாயிலி அதை ஒருமுறை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. அதற்குப்பின், பெட்டிக்கு அந்தப் பக்கம் எந்தக் கணினி அணைந்தது, எது எழுந்தது என்று வாயிலிக்குத் தெரிய வழியில்லை.

கணினி கூவியது. சர்வர் பேர் சொன்னது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் திரைகளும் எழுந்தன. ஜெசிந்தா குழாயைத் தொட்டுப் பார்த்தாள், சூடு ஏறியிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டீயை வாயில் வைக்குமுன் சர்வர் திரையில் முன்பின் தெரியாத எண் ஒன்று, "நான் யார்?" என்றது.

"அது பக்கத்துக் கூடாரத்து ஹமீதோட பெட்டி, மதினி," என்றான் ரெக்ஸ். "அவங்க கம்பெனியும் கைய விரிச்சிட்டானாம். பாவமா இருந்துச்சு. கிளைப்பெட்டியில ஒரு துளை சும்மாதான கிடக்குன்னு அவங்க வயர மாட்டிவிட்டேன்."

"யாரக் கேட்டு மாட்டுன?"

திரையில் சூட்டைக் காட்டும் கோடு லேசாகத் தடுமாறியதுபோல் இருந்தது. தடுமாறவில்லை, அவளுக்குத்தான் அப்படித் தெரிந்தது. பேசியை எடுத்தாள்.

"அக்கா, எங்க பெட்டி உங்களதவிடப் பழசு," என்றது ஹமீதின் குரல். "எந்திரிக்கிற வரைக்கும் உங்க சர்வர் கொஞ்சம் பதில் சொன்னாப் போதும். வீட்ல கைப்பிள்ள இருக்கு."

"சொல்லலாம் தம்பி. ஆனா யாரு எவருன்னு தெரியாத பெட்டிய எப்படிச் சட்டுனு உள்ள விடுறது? முதல்ல ஆராயணும். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

"எவ்வளவு நேரம்க்கா ஆகும்?"

முட்டி மோதி ரயிலில் ஏறியவர், ஏறிய கையோடு கதவை அடைத்துக்கொண்டு நிற்பாரே, அப்படி நின்றிருந்தாள் ஜெசிந்தா. சன்னலுக்கு வெளியே சூரியனின் கடைசி விளிம்பு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பவே பொழுது சாஞ்சிட்டே தம்பி," என்று சொல்லி, அவர்கள் வயரைப் பிடுங்கினாள். "விடிஞ்சதும் வாங்க, பாப்போம்."